உங்கள் வீட்டிலிருந்துதான்

மொந்தெவிதேயோவில் ஆகஸ்ட் குளிர்.
இணைய நிறுவனத்தில் இரவுப்பணி எனக்கு.
மேசையில் ஆறிப்போன மாத்தே,
திரையில் நாற்பத்தேழு முகவரிகள்.

நேற்றுப் பின்னிரவு மூன்று பத்துக்கு
இவை எல்லாம் சேர்ந்து
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மகப்பேறு மருத்துவமனையின்
இணையக் கதவைத் தட்டியிருக்கின்றன.
உள்ளே வரத் தட்டவில்லை.
திறந்தால் ஆளில்லை, மூடினால் மறுபடி தட்டல்,
நொடிக்கு லட்சம்.
உண்மையாகவே வந்தவள் ஒருத்தி
எங்கோ அந்த இரைச்சலுக்குள் நின்று
தானும் தட்டியிருப்பாள்.

தட்டியவர்கள் யாருக்கும் தெரியாது தட்டியது.
தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் வீட்டு ரவுட்டர் தூங்கவில்லை,
பழைய கணினி தூங்கவில்லை,
எவனோ ஒருவன் எங்கிருந்தோ ஒரு சொல் சொன்னான்
எல்லாம் எழுந்து வரிசையில் நின்றன.
பாட்நெட் என்று பெயர்.
கூலி கிடையாது, கொடி கிடையாது,
தான் படை என்றே தெரியாத படை.

சால்ட்டோ பல் மருத்துவரைக் கூப்பிட்டேன்.
"மோசடிக்காரப் பயலே" என்று வைத்துவிட்டார்.
கோபம் வரவில்லை.
முன்பின் தெரியாத குரலை நம்பாதவர்
பாதி தப்பித்தவர்.
மீதிப் பாதிக்குத்தான் நான் கூப்பிட்டேன்.

பதினெட்டாவது எண்,
தக்குவரெம்போ தாண்டி ஓர் ஆட்டுப்பண்ணை.
குட்டி ஈனும் பருவம், நெலிதா எச்செவெரி விழித்திருந்தாள்.
"தாக்குதல் உங்கள் வீட்டிலிருந்துதான்" என்றேன்.
"இங்கே நான், ஒரு நாய், நூற்றுப் பன்னிரண்டு ஆடு.
இதில் யாரென்று சொல்லு, கட்டி வைக்கிறேன்."
"வைத்துவிடுங்கள், பில்லில் இருக்கும் எண்ணுக்கு
நீங்களே கூப்பிடுங்கள்" என்றேன்.
பதினோரு நிமிடம்.
கூப்பிட்டாள்.

பட்டிக் கம்பத்தில் ஒரு கேமரா.
நரி வந்தால் தெரிய, ரிவேராவில் மலிவாக வாங்கியது.
வேலி பயிரை மேய்வது பழைய கதை.
இந்த வேலி தன் பயிரைத் தொடவில்லை;
ஒரு குட்டி குறையாமல் காத்துவிட்டு
இரவில் ஊரான் பயிரை மேயப் போய்
விடிவதற்குள் திரும்பி வந்து
கம்பத்தில் நின்றிருக்கிறது, ஒன்றும் அறியாததுபோல.

"பிடுங்கிவிட்டேன். செத்துப்போச்சா?"
போயிருக்கும், அதன் நினைவிலிருந்து.
ஆனால் பூட்டை மாற்றாமல் மறுபடி செருகினால்
நீங்கள் கை கழுவி வருவதற்குள்
திரும்ப ஏறிக்கொள்ளும்.
"பூட்டா, நான் பூட்டே போடவில்லையே."
தொழிற்சாலை போட்டது. பெயர் அட்மின், சாவியும் அட்மின்.
அந்த நிறுவனம் விற்ற எல்லாக் கேமராவுக்கும் அதே சாவி.
ரவுட்டரில் வெளியுலகக் கம்பியை முதலில் கழற்றுங்கள்,
பிறகு கேமராவுக்கு மின்சாரம்,
பிறகு புதுச் சொல், நீளமாக,
வேறெங்கும் வைக்காததாக.
"சரி, என் செத்துப்போன குதிரை பேரு—"
சொல்லாதீர்கள்!
கத்தியேவிட்டேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.
அவள் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது.
குதிரை வேண்டாம், ஊருக்கே தெரிந்திருக்கும் என்றேன்.

வெளியிலிருந்து பார்க்கும் வசதியை அணைத்தோம்.
அப்டேட் தேடினோம்.
கேமரா செய்த நிறுவனம் கடையை மூடி
நான்கு வருடம் ஆகியிருந்தது.
இனி அதன் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை.

வரியின் மறுமுனையில் ஒரு குட்டி கத்தியது.
"அந்த ஆஸ்பத்திரியில் யாருக்காவது..."
தெரியாது, நெலிதா.
நிஜமாகவே தெரியாது.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஏணி இழுபடும் சத்தம்,
திருகாணி ஏதோ தகரத்தில் விழும் சத்தம்.
"இறக்கிவிட்டேன். இன்றைக்கு நரிக்கு
நானே உட்கார்ந்துகொள்கிறேன்."

மணி இரண்டு நாற்பது.
லட்சத்தில் ஒரு கை குறைந்திருக்கிறது.
பத்தொன்பதாவது எண்ணை அழுத்துகிறேன்.
அடிக்கிறது.
எடுக்கவில்லை.
மறுபடி அடிக்கிறேன்.